குளிர்ச்சியாக வைக்கவும்

சென்ற மாதம் தொலைக்காட்சியில் ஒரு பாலைவனத்தைக் காட்டினார்கள். ஏதோ ஒரு குறுங்கோளில் சுரண்டிய மண்ணை அடைத்துக்கொண்டு ஒரு குப்பி வானத்திலிருந்து குடை விரித்து இறங்கியது. அதை எடுக்க வரிசையாக ஹெலிகாப்டர்கள். வெள்ளை உடுப்பும் கையுறையும் மாட்டிய ஆட்கள் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனிதர் இல்லை, ஒரு மாடு இல்லை, ஒரு பஞ்சாயத்து பிரசிடென்ட் இல்லை. தொகுப்பாளர் இதை மிகச் சிக்கலான பணி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் என்னிடம் வேலை பழகிய ஒரு பையன் போன் செய்தான். பையன் என்றால் அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது ஒரு பிரிவுக்குத் தலைவர். நிலையத்து விழா மலருக்குக் கட்டுரை கேட்டான். "சார், நம்ம பக்கத்துல வானத்துலேர்ந்து வந்த பொட்டிய மொதல்ல எடுத்தவங்க நீங்கதான். ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்." பாசிட்டிவ் என்றால் எப்படி என்று கேட்டேன். யாரையும் குறை சொல்லாமல் என்றான். யாரையும் குறை சொல்லாமல் என் உத்தியோகத்தைப் பற்றி எழுதினால் பெயர், பிறந்த ஊர் என்ற இரண்டோடு முடிந்துவிடும். மலருக்கு அந்த இரண்டையும் அனுப்பிவிட்டேன். மீதி இது.

பெயர் அந்தோணிசாமி. ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் மானாம்பதி. அப்பா அம்மா இருவரும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையை ஒட்டியிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத்தில் என்னைக் கேட்ட ஒரே அறிவியல் கேள்வி, "செய்யாற்றங்கரைப் பக்கம் ஊரெல்லாம் தெரியுமா?" என்பது. தெரியும் என்றேன். விண்வெளி ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டேன்.

விண்வெளி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. எங்களிடம் ராக்கெட் கிடையாது. பாலித்தீன் தாளை ஒட்டித் தைத்த ராட்சத பலூன் இருந்தது. அதில் ஹைட்ரஜன் வாயு நிரப்பி, அடியில் ஒரு அலுமினியப் பெட்டியைக் கட்டி, விடியற்காலையில் மேலே விடுவார்கள். பகலிலேயே வானம் கறுப்பாகத் தெரியும் உயரத்துக்கு அது போய்ச் சில மணி நேரம் மிதக்கும். பிறகு ஒரு கடிகாரம் கயிற்றை அறுக்கும். பெட்டி குடை விரித்து இறங்கும். பெட்டிக்குள் தெர்மாகோல். தெர்மாகோலுக்குள் கறுப்புக் காகிதம். காகிதத்துக்குள் போட்டோ பிலிமுக்குப் பூசும் பசையைத் தகடு தகடாகச் செய்து, சீட்டுக் கட்டுப்போல் அடுக்கி வைத்திருப்பார்கள். அண்டவெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள் அந்தத் தகடுகளைத் துளைத்துக்கொண்டு போகும்போது தடம் விழும். கழுவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மயிரிழைக் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளுக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

இந்த அடுக்குக்கு மூன்று எதிரிகள். வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும். சூடு பட்டால் விழுந்த தடம் மங்கிவிடும். தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். எங்கள் நாட்டில் இந்த மூன்றும் இல்லாத இடம் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கே பெட்டியை இறக்குவதுதான் முறை. அப்படி ஓர் இடம் இல்லாததால் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

பயிற்சி என்று ஒன்று உண்டு. பழைய பெட்டி ஒன்றின்மேல் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய தம்ளரை வைத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் பின்னால் இருந்த வயல் வரப்பில் நடக்க வேண்டும். தண்ணீர் சிந்தினால் திரும்பவும் முதலிலிருந்து. மழைக்காலம் வந்து வரப்பே கரைந்து போனதும் பயிற்சி முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

எங்கள் பிரிவு அதிகாரி பெயர் வரதராஜன். கூர்மையான மூக்கு, கஞ்சி போட்ட சட்டை, வருஷம் முழுவதும் பளபளக்கும் பூட்ஸ். குரலை உயர்த்தவே மாட்டார். எதையும் தான் செய்வதாகவும் சொல்ல மாட்டார். "பார்க்கப்படும்," "கவனிக்கப்படும்," "நோட் செய்துகொள்ளப்படும்" என்பார். யார் பார்ப்பார், யார் கவனிப்பார் என்பது கடைசிவரை தெரியாது. முடியாது என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கை கண்ணாடிப் பக்கம் போனாலே நாங்கள் எழுந்து கிளம்பிவிடுவோம். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் மிகுந்த பரிவோடு, "இதில் நம்முடைய தவறு எங்கே என்று பார்ப்போம்" என்பார். நம்முடைய என்றால் உன்னுடைய என்று அர்த்தம். காரியம் சரியாக முடிந்தால் மட்டும் அதே வார்த்தைக்கு 'என்னுடைய' என்று அர்த்தம் ஆகிவிடும்.

ஆனால் பெட்டியை எடுக்கும் முறையை வகுத்தவர் அவர்தான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பெட்டியைக் கண்டதும் ஓடக் கூடாது. முதலில் வெயில் வரும் பக்கத்தில் நின்று கறுப்புத் துணியை விரித்து நிழல் கட்ட வேண்டும். பிறகு தொடாமல் ஒரு சுற்று சுற்றி, எந்தப் பக்கம் தரையில் மோதியது, எந்த மூலை நசுங்கியது என்று பார்க்க வேண்டும். மூடி பெட்டியோடு சேரும் பொருத்து வாயில் விரிசல் உண்டா என்று விரல் வைத்துத் தடவ வேண்டும். அப்புறம்தான் குடைக் கயிற்றை அறுக்கலாம். விழுந்தபோது எந்தப் பக்கம் கீழே கிடந்ததோ அந்தப் பக்கமே கீழே இருக்கும்படி இரண்டு பேர் தூக்கி, மரத்தூளும் ஐஸும் அடைத்த பெரிய மரப்பெட்டிக்குள் இறக்க வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீர் தொடக் கூடாது என்பதால் ஐஸுக்குத் தனித் தகர டப்பா. ஐஸ் காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் வாங்குவோம். அது வாலாஜாபாத் தாண்டுவதற்குள் தண்ணீராகிவிடும். முறை மட்டும் உருகாமல் இருந்தது.

இந்த இடத்தில் சரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி மாணவி. சைதாப்பேட்டைப் பெண். அதிகம் பேச மாட்டார். எங்களையெல்லாம் நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் மிஸ் என்போம். அவருடைய பட்டத்துக்கு வேண்டியது நன்றாகத் திரும்பிவந்த ஓர் அடுக்கு. ஒன்றே ஒன்று. முதலில் போன அடுக்குக்குக் குடை விரியவில்லை. பாறைமேல் விழுந்து அப்பளமாக நொறுங்கியது.

இரண்டாவது அடுக்கின் கதை வேறு. பெட்டி வெளியே ஒட்டும் அறிவிப்பைத் தமிழில் எழுத ஒரு புலவரைப் பிடித்திருந்தார் வரதராஜன். புலவர் "திறக்கற்க" என்று எழுதினார். திறக்கக் கூடாது என்று பொருள். தாள் சின்னது, எழுத்து பெரிது. "திறக்" ஒரு வரியிலும் "கற்க" அடுத்த வரியிலுமாக அச்சாகியது. பாலாற்றுக்கு அக்கரையில் ஓர் ஊரில் பெட்டி இறங்க, அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "திறக்க, கற்க" என்று படித்தார். கல்வியில் நாட்டமுள்ள மனிதர். முற்றத்து வெயிலில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து, கறுப்புக் காகிதத்தைப் பிரித்து, தகடு தகடாக எடுத்துக் காட்டிப் பாடம் நடத்திவிட்டார். நாங்கள் போனபோது பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். சரோஜா பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வரதராஜன் நம்முடைய தவறு எங்கே என்று பார்த்தார். அறிவிப்பு திருத்தப்பட்டது. இந்த முறை புலவர் வேண்டாமென்று அவரே எழுதினார். "இந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. குளிர்ச்சியாக வைக்கவும்." குழந்தைக்கும் புரியும் தமிழ் என்று எங்களிடம் படித்துக் காட்டினார். புரியத்தான் புரிந்தது.

சரோஜாவுக்கு மூன்றாவதாக ஓர் அடுக்கு தரப்பட்டது. இதுவும் போனால் உதவித்தொகை நின்றுவிடும், அவர் இடத்தில் வேறு ஒருவர் எடுக்கப்படுவார் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருந்தார் வரதராஜன். அந்த வேறு ஒருவர் ஏற்கெனவே நிலையத்து கேன்டீனில் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரியும்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பலூன் ஏறியது. ஆடியில் எங்கள் வேலை கொஞ்சம் வேடிக்கையானது. மேலே கிழக்குக் காற்று பலூனை மேற்கே தள்ளும். பெட்டி பாதி இறங்கியதும் ஆடிக் காற்று திரும்பக் கிழக்கே தள்ளும். ஜீப் மேற்கே ஓடிவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். அன்று மேகமும் சேர்ந்துகொண்டது. பலூனைத் தொடர நாங்கள் வைத்திருந்த தொலைநோக்கிக்கு மேகத்துக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பெருநகர், மானாம்பதி என்று பொழுது சாயும்வரை சுற்றினோம். எங்கள் அம்மா வயலிலிருந்து ஜீப்பைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நிறுத்தலாமா என்று வரதராஜனைக் கேட்டேன். அவர் கை கண்ணாடிக்குப் போனது.

ஞாயிறு காலை உத்திரமேரூர் பஸ் கண்டக்டர் ஒருவர்தான் வழி சொன்னார். "பொட்டியா? மாகறல் பக்கம் காலனில சாமி எறங்கிக்கீதாமே. ஜனம் அங்கதான் போய்க்கினுகீது. பொட்டிகிட்டி ஒண்ணும் கேள்விப்படல." வரதராஜன், சாமி நமது விஷயம் இல்லை என்றார். சரோஜா டிரைவரிடம், "மாகறலுக்குப் போங்க" என்றார். அவர் அதிகாரியை மீறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆற்றங்கரைக்கு ஏறும்போதே பம்பைச் சத்தம் கேட்டது. காலனி ஓரத்தில் வேப்ப மரத்தடியில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். அன்றைக்குக் கூழ் ஊற்றும் நாள். பெரிய பெரிய குண்டானில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மனுக்கு எதிரே, மரத்து நிழலில், வேப்பிலை பரப்பிய மேடையில் எங்கள் பெட்டி. குடைத்துணி பந்தலாகக் கட்டப்பட்டிருந்தது. பெட்டிக்குக் குங்குமப் பொட்டு, மாலை. பெண்கள் வரிசையில் நின்று குடம் குடமாக அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆடியில் அம்மன் உக்கிரமாக இருப்பாள். அந்தச் சூடு ஊருக்குள் அம்மையாக வராமல் இருக்க அவளைக் குளிர வைக்க வேண்டும். குளிர வைப்பதென்றால் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கூழும். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வார்த்தைக்கு ஆடி மாதத்தில் இன்னொரு அர்த்தம் கிடையாது. வானத்திலிருந்து குடை பிடித்து ஒன்று இறங்குகிறது. இறங்கியதின் மேலேயே குளிர்ச்சியாக வைக்கவும் என்று எழுதியிருக்கிறது. அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

சரோஜா ஜீப்பிலிருந்து இறங்கி நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆன்டனி, போய்ப் பேசும். உங்கள் ஊர்ச் சாமிதானே?" என்றார் வரதராஜன்.

"சார், நான் கிறிஸ்டியன்."

"அது நோட் செய்துகொள்ளப்படும். போம்."

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். பெயர் குப்பம்மாள். நாற்பது வயதிருக்கும். கணீரென்று குரல். நடவு ஆட்களுக்குத் தலைவி என்று பார்த்ததுமே தெரிந்தது.

"யக்கா, இந்தப் பொட்டி எங்களுது."

"உங்களுதா? நீங்க இன்னா மேலேர்ந்தா வர்றீங்க? நீ யாரு வூட்டுப் புள்ள?"

"மானாம்பதி ஆரோக்கியம் மவன்."

"அட, வேதக்காரப் புள்ளயா! உங்கம்மாவும் நானும் ஒண்ணா நட்டுக்கீறோம். இரு, கூழு குடிச்சிட்டுப் போவலாம்."

"யக்கா, பொட்டி மேல தண்ணி ஊத்தக் கூடாது."

குப்பம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இன்னா நைனா பேசற? நேத்து நட்டுக்கினு இருந்தோம். மேல வெள்ளக் கொட எறங்குது. கிட்ட போனா பொட்டி. எங்க மச்சான் எய்த்துக் கூட்டிப் படிச்சாரு. தொறக்கக் கூடாதுன்னு கீது, தொறக்கல. வெயில்ல வெக்கக் கூடாதுன்னு கீது, தூக்கியாந்து நெயல்ல வெச்சோம். குளிர்ச்சியா வெக்கணும்னு கீது. நேத்துலேர்ந்து குளிர வெச்சிக்கினே கீறோம். இதுல இன்னா கொற கண்ட?"

ஜீப்புக்குத் திரும்பி வந்து அப்படியே சொன்னேன். "அறிவிப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது" என்றார் வரதராஜன்.

"இல்ல சார். சரியாத்தான் புரிஞ்சிக்கிட்டிருக்காங்க" என்றார் சரோஜா.

கொஞ்ச தூரத்தில் ஒரு போலீஸ்காரர் புளிய மரத்தடியில் நின்றிருந்தார். ஊர்ப் பெரியவர் யாரோ குண்டு விழுந்துவிட்டதென்று ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரதராஜன் அவரைக் கூப்பிட்டு, பெட்டி உடனடியாகக் கைப்பற்றப்பட வேண்டும் என்றார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "குண்டுன்னாங்க, வந்தேன் சார். சாமின்னு சொல்லல. எனக்கு வூட்ல மூணு கொயந்தைங்க கீது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் புளிய மரத்துக்குப் போய்விட்டார்.

மறுபடி குப்பம்மாளிடம் போனோம். இம்முறை சரோஜாவும் செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு வந்தார். வரதராஜன் வேப்ப மரத்து நிழல் தொடங்கும் இடம்வரை வந்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னதும் அங்கேயே நின்றுவிட்டார். அங்கிருந்தே மேற்பார்வை செய்தார்.

"யம்மா, இதுக்குள்ள என் படிப்பு இருக்கு. தண்ணி உள்ள போனா எல்லாம் போயிடும். எடுத்துக்கிட்டுப் போக விடுங்க" என்றார் சரோஜா. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

குப்பம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மனம் இளகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவளுக்கும் ஒரு முறை இருந்தது. அதையும் யாரோ வகுத்திருந்தார்கள். "நான் குடுக்கறதுக்கு இது என் பொட்டி இல்ல கண்ணு. வெச்சாச்சி, தண்ணி ஊத்தியாச்சி. பாதியில தூக்கினா அந்தச் சூடு யாரு வூட்டுக்கு வரும்? எங்க புள்ளைங்களுக்குத்தான் வரும். ஆத்தாகிட்ட உத்தரவு கேப்போம். வெள்ளப் பூ வந்தா இப்பவே எடுத்துக்கினு போ. செவப்பு வந்தா கூழு ஊத்தி முடியற வரிக்கும் இங்கதான்."

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக வேப்பிலையில் மடித்து, அம்மன் காலடியில் போட்டார்கள். ஒரு சின்னப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்தது. அண்டவெளித் துகள்களின் கணக்கையெல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்த்த பெண்ணின் மூன்று வருஷ உழைப்பு, பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஒரு குழந்தையின் கையில் இருந்தது. பிரித்தார்கள். சிவப்பு.

நிழலுக்கு வெளியேயிருந்து வரதராஜன் குரல் வந்தது. "ஒரே ஒரு தடவை செய்த சோதனையை வைத்து முடிவுக்கு வருவது சரியல்ல. குறைந்தது மூன்று முறை செய்யப்பட வேண்டும்."

"உத்தரவு ஒருக்காதான் சார். கேட்டுக்கினே இருந்தா ஆத்தாவுக்கு வேற வேல இல்லியா?" என்றாள் குப்பம்மாள்.

வரிசை மறுபடி நகர்ந்தது. அடுத்த குடம் பெட்டியின்மேல் விழுந்தது. நான் முறைப்படி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்து மூலை தரையில் மோதி நசுங்கியிருந்தது. பொருத்து வாயில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். மஞ்சள் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடியது. சரோஜாவிடம் கண்ணால் காட்டினேன். அவர் பார்த்தார். இவர் இப்போது அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் அழவில்லை. குப்பம்மாள் பக்கம் திரும்பி, "யம்மா, நானும் செய்யலாமா?" என்றார். "அரைச்ச மஞ்சள் இருக்கா? நிறைய வேணும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது, மெச்சும் முணுமுணுப்பு. ஒரு தட்டு நிறைய அரைத்த மஞ்சள் வந்தது. சரோஜா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கு முன்னால் மண்டியிட்டார். முதலில் தன் கைக்குட்டையால் மூலையை ஒற்றித் துடைத்தார். பிறகு மஞ்சளை உருட்டி விரிசலில் அழுத்தினார். அதன்மேல் இன்னொரு பூச்சு. அதன்மேல் இன்னொன்று. சுவருக்குப் பூசுவதுபோல் அந்தப் பக்கம் முழுவதும் மஞ்சள் காப்பு சாத்தினார். கடைசியில் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. எழுந்து, ஒரு குடத்தை வாங்கி, காப்பு இல்லாத மேற்குப் பக்கத்தில் மட்டும் மெதுவாக ஊற்றினார்.

அதற்கப்புறம் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாத்திய காப்பின்மேல் தண்ணீர் ஊற்றி அதைக் கரைக்க எந்தப் பெண் துணிவாள்? வந்தவர்கள் எல்லோரும் மேற்குப் பக்கமே ஊற்றினார்கள். ஒரு கிழவி சிதறி ஊற்றப் போனாள். குப்பம்மாள் அதட்டினாள். "காப்புல படாம ஊத்துடி! கண்ணு தெர்ல?"

வரதராஜன் என்னைக் கூப்பிட்டு, "மிஸ் சரோஜா ஏன் இப்படி மூட நம்பிக்கையில் இறங்கிவிட்டார்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். விரிசலைப் பற்றி விளக்கினேன். "பரவாயில்லை. இது அனுமதிக்கப்படுகிறது" என்றார்.

கூழ் ஊற்றி முடியும்வரை சரோஜா அந்த மேடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காப்பு காய்ந்து வெடிக்கும் இடத்தில் புது மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டேயிருந்தார். கை முழங்கைவரை மஞ்சளாகிவிட்டது. நான் முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்புமாக இரண்டு சட்டி கூழ் குடித்தேன். இந்த விஷயத்தில் பொய் சொல்லப் போவதில்லை, நன்றாக இருந்தது. வரதராஜனுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வயிறு சரியில்லை என்று தெரிவிக்கப்பட்டது.

கூழ் முடிந்ததும் குப்பம்மாள் கற்பூரம் காட்டி, "எடுத்துக்கினு போ தாயி" என்றாள். எங்கள் மரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஐஸ் டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. குப்பம்மாளே இரண்டு கோணிப்பையை நனைத்துப் பிழிந்து, வேப்பிலை அடைத்து, மரப்பெட்டிக்கு வெளியே சுற்றிக் கட்டச் சொன்னாள். நானும் டிரைவரும் கீழ்ப் பக்கம் கீழேயே இருக்கும்படி பெட்டியைத் தூக்கி உள்ளே இறக்கினோம். ரோடு முனைவரை பம்பை அடித்துக்கொண்டு வந்து வழியனுப்பினார்கள். முன் இருக்கையில் இருந்த வரதராஜனுக்கும் ஒரு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றவில்லை.

இருட்டறையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே சரோஜாவும் நானும் மட்டும். சிவப்பு விளக்கில் கறுப்புக் காகிதத்தைப் பிரித்தார். கிழக்கு மூலையில் மேலே இருந்த சில தகடுகள் ஊறி உப்பிப் போயிருந்தன. அவற்றைத் தனியே வைத்தார். அதற்கடுத்ததைத் தொட்டார். காய்ந்திருந்தது. அதற்கும் அடுத்தது. அதுவும். கடைசிவரை தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, மஞ்சள் போகாத இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருட்டறை என்பதால் சௌகரியமாகப் போயிற்று.

வரதராஜன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். உள்ளூர் மக்களின் அறியாமையால் நேரவிருந்த பேரிழப்பு, அதிகாரியின் சமயோசிதமான நடவடிக்கையால் தவிர்க்கப்பட்டது என்று அதில் இருந்தது. அதிகாரி யார் என்று எழுதவில்லை, அடக்கமானவர். மேலிடம் தானாகவே புரிந்துகொண்டு அவரைத் தலைமையகத்துக்குப் பெரிய பதவியில் அழைத்துக்கொண்டது. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவரும் கூடவே போனார்.

சரோஜாவின் ஆய்வேட்டை மதிப்பிட வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மற்றவர்கள் அனுப்பிய அடுக்குகளிலெல்லாம் வெப்பத்தில் தடங்கள் மங்கியிருக்க, இந்த ஒன்றில் மட்டும் எப்படி இவ்வளவு துல்லியமாக இருக்கின்றன, தரையிறங்கியபின் எந்த முறையில் குளிர்வித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். "மஞ்சள் கலந்த தண்ணீர். ஒரு பகலும் ஒரு காலையும் விடாமல் ஊற்றினோம்" என்று இவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் பேனாவைத் திறந்துகொண்டு, எத்தனை சதவீதக் கரைசல் என்று கேட்டாராம். வெளியே வந்து இதை என்னிடம் சொல்லும்போது சரோஜாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த மனுஷிக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த ஆடியில் ஊருக்குப் போனபோது மாகறல் பக்கம் போய்க் குப்பம்மாளைப் பார்த்தேன். நாற்றங்காலில் நின்றிருந்தாள். அந்தப் பெண் பாஸாகிவிட்டது, டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது என்று வரப்பில் நின்றபடியே கத்திச் சொன்னேன்.

"ஆவாம பின்ன? முயங்கை வரிக்கும் மஞ்சள பூசிக்கினு குந்தினு இருந்துச்சே, அதுக்கு ஆத்தா குடுக்காம வேற யாருக்குக் குடுப்பா?" என்று நிமிர்ந்தாள். கையிலிருந்த சேற்றை உதறிவிட்டு, "ஆமா, கூட ஒரு சாரு வந்தாரே, பூட்ஸு போட்டுக்கினு. அவரு எப்பிடி கீறாரு?" என்று கேட்டாள்.

"அவருக்குப் பெரிய வேல குடுத்துட்டாங்கக்கா. இப்ப ரொம்ப மேல கீறாரு."

குப்பம்மாளுக்கு உண்மையிலேயே மனசு தாங்கவில்லை. "அவருக்கா? செருப்பக்கூடக் கயட்டல, ஒரு சொம்புத் தண்ணி ஊத்தல. அவருக்குமா ஆத்தா குடுத்தா?"

"ஆத்தா குடுக்கலக்கா. கெவுருமென்ட்டு குடுத்துது."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து நாற்றைப் பறிக்கத் தொடங்கினாள்.